அட்டையில் இருந்த ஆள்

மெர்லினுக்கு ஒரு கெட்ட வழக்கம். எதைச் செய்தாலும் எதிரே ஒரு ஆளைப் பிடித்து நிறுத்தி, "எப்படி இருக்குது?" என்று கேட்பாள். "நல்லா இருக்குது" என்று சொன்னால் சிரிப்பாள். வேறு எதையாவது சொன்னால் சண்டைக்கு வருவாள். அதற்குக் கேட்காமலே இருந்து தொலைக்கலாம்.

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் வீடு. 1993-இல் பிறந்தவள், ஒரே பெண். அப்பா சின்னதுரைக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. அம்மா ஜெயம் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். டிசம்பர் வந்தால் மெர்லின் வாசலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவாள். வைக்கோல், சாக்கு, களிமண் எல்லாம் போட்டு நன்றாகத்தான் கட்டுவாள், பொய் சொல்லக் கூடாது. ஒரு வருஷம் பக்கத்து வீட்டு வீரம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "ஒட்டகம்னு சொல்ற, நாயி மாதிரி நிக்குதேடி" என்றாள். அந்தப் பண்டிகைக்கு வீரம்மாள் வீட்டுக்குக் கேக் கொண்டுபோக மாட்டேன் என்று மெர்லின் மூலையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயம்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"நாளைக்கு மாமியாக்காரி கொழம்புல உப்பு இல்லன்னுவா. அவகிட்டயும் மல்லுக்கு நிப்பியா?" என்று திரும்பி வந்து கேட்டாள்.

"உப்பு போட்டிருந்தா நிப்பேன்."

இப்படிப்பட்டவள் எடுத்த படிப்பு விஸ்காம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. தினம் விழுப்புரத்தில் பஸ் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்று, போய்ச் சேர வேண்டும். கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு பத்திரிகை வடிவமைக்கச் சொன்னார்கள். அட்டை, கட்டுரை, படம் எல்லாம் மாணவர்களே செய்ய வேண்டும். அச்சடித்து வாசகர்களிடம் கொண்டுபோய்க் காட்டி, கருத்து வாங்கி, அதன்படி திருத்தி, முன்னே செய்ததையும் திருத்தியதையும் பரீட்சைக்கு வருகிறவர் முன்னால் வைக்க வேண்டும். மற்றவர்கள் சினிமா, சமையல், கோவில் என்று எடுத்துக்கொண்டார்கள். மெர்லின் ராக் இசையை எடுத்தாள். ராக்கைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாரும் எடுக்காததை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தெரிந்தவன் ஜெனித். திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற வேலை அவனுக்கு. வருகிறவர்களுக்கெல்லாம் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டு, தன் போனில் இங்கிலீஷ் ராக்காகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். மெர்லின் அப்பாவுக்கு எந்த ஊர் சொந்த ஊரோ, அதே ஊர்தான் அவனுக்கும். திண்டிவனத்துக்கு மேற்கே இருக்கிறது. பெயர் வேண்டாம், சொன்னால் நாலு பேர் கிளம்பி வருவார்கள். மெர்லினின் ஆட்கள் கோவில் தெரு. ஜெனித் ஓடைக்கு அந்தப் பக்கம், காலனி. இது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? திருவிழாவுக்கு வருவாள், சித்தப்பா வீட்டில் பிரியாணி சாப்பிடுவாள், சாயங்காலம் பஸ் ஏறிவிடுவாள். ஊரில் எது எங்கே குத்தும் என்று அறிகிற அளவுக்கு அவள் அங்கே இருந்ததில்லை.

ஊர் மாதா கோவிலின் பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பவன் ஜெனித்தான். அந்தக் கிட்டார் அவனுடையது இல்லை, கோவிலுடையது. எப்போதோ இருந்த வெள்ளைக்காரச் சாமியார் விட்டுவிட்டுப் போனது. வாசிக்க ஆளில்லாமல் பீரோவில் கிடந்ததைப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கேட்டு வாங்கித் துடைத்து, யாரும் சொல்லித்தராமல் தானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டான். பூசையில் மாதா பாட்டு வாசிப்பான். பூசை முடிந்து கோவிலைப் பூட்டுகிற வரைக்கும் மணிக்கூண்டு நிழலில் உட்கார்ந்து தனக்குப் பிடித்ததை வாசிப்பான். அப்புறம் பீரோவில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். பாடற்குழுவில் இடம் போனால் கிட்டாரும் போச்சு. வேறொன்று வாங்குகிற வீடு இல்லை அவனுடையது. அப்பா இல்லை. அம்மா சவுரியம்மாள் கல்லறுக்கிற சூளையில் வேலை செய்கிறவள்.

பத்திரிகைக்கு 'அதிர்வு' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் ஜெனித் சொன்னது; மெர்லின் எழுதினாள். அட்டைக்கும் அவனையே பிடித்தாள்.

கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் அது. கல்லறைக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, பூ வாடிக் கிடந்தது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு பழைய சுவர் ஓடியது. பாசி பிடித்து, காரை பெயர்ந்து, செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மெர்லின் கேமராவோடு அதன் எதிரே போய் நின்றவள் நகரவில்லை.

"இதுல உக்காரு. கிட்டார மடியில வெச்சிக்கோ" என்றாள்.

"இங்க வேணாம். ஏரிக்கரைக்குப் போலாம். பனமரம் இருக்குது, நல்லா இருக்கும்."

"பனமரமா? பதநீ விக்கறவன் மாதிரி இருக்கும்."

"இல்ல மெர்லின். செவுத்து மேல வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னு சொல்றேன்ல."

"லைட்டு போய்க்கினு இருக்குது. ஒனக்குக் கிட்டார் தெரியும், எனக்குக் கேமரா தெரியும். ஜல்தி ஏறு."

அவன் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தான். ஏறினான். கால் இரண்டையும் அவள் நின்ற பக்கமாகத் தொங்கப் போட்டான். அவள்தான் அப்படிப் போடச் சொன்னாள். படம் நன்றாக வந்தது. அதில்தான் தொந்தரவே.

அச்சடித்த பிரதிகளையும் கேள்வித்தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு மெர்லின் கருத்து கேட்கக் கிளம்பினாள். பெயர், வயது, தெரு எழுத ஒரு கோடு. அட்டை எப்படி, எழுத்து படிக்க வசதியாக இருக்கிறதா, எதை மாற்றலாம் என்று கேள்விகள். கல்லூரியில் கூடப் படித்த வெண்ணிலா சமையல் பத்திரிகை செய்தவள். அவள் இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் ஹாஸ்டல்ல உக்காந்து நானே எழுதிட்டேன்டீ. வேற வேற பேனா. கொஞ்சம் எடது கையில. நீ எதுக்கு வெயில்ல அலையற?"

"என்னுது உண்மையா இருக்கணும்" என்றாள் மெர்லின். உண்மை வேண்டும் என்கிற ஆசை ஒன்றுமில்லை. நாலு பேர் வாயால் நல்லா இருக்கிறது என்று கேட்க வேண்டும் அவளுக்கு.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "ராசிபலன் எங்கம்மா?" என்றார்.

"இது பாட்டு புக்குண்ணே. கிட்டாரு, டிரம்ஸு..."

"பாட்டு கேக்கறவனுக்கு ராசி இல்லியா?"

கண்டாச்சிபுரம் சந்தையில் மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் தாளைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தாலுக்கா ஆபீசுலேந்தா வர்ற? இலவச மிக்சிக்கா, ஆட்டுக்கா?"

"ரெண்டுக்கும் இல்லம்மா. இந்த அட்டை எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க, போதும்."

"ரொம்ப நல்லா இருக்குதுன்னு போட்டுக்கோ. எங்க வூட்டுக்காரரு பேரையும் சேத்து எழுதிக்கோ. வர்றப்ப ரெண்டா வரட்டும்."

தாளோடு வந்து பெயர் கேட்கிற ஆளிடம் குறை சொன்னால் வருகிறது வராமல் போய்விடும் என்று எல்லாருக்கும் பழக்கம். எல்லாம் நல்லா இருக்கிறது, ரொம்ப நல்லா இருக்கிறது. மெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. தாள்களைக் கட்டாகக் கட்டி ஆசிரியர் சக்கரபாணி மேஜையில் வைத்தாள்.

அவர் நாலு தாளைப் புரட்டினார். "எல்லாரும் நல்லா இருக்குன்றான். அப்ப நீ திருத்த ஒண்ணுமில்ல. திருத்தாத ப்ராஜெக்டுக்கு எதுக்கும்மா மார்க்கு?"

"நல்லா இருந்தா நான் என்ன சார் பண்றது?"

"கிட்டாருன்னா என்னன்னு தெரியாதவங்ககிட்ட போயி கேட்டிருக்க. தெரிஞ்சவங்ககிட்ட கேளு. இந்தப் பையன் ஊர்ல கோவில்ல வாசிக்கறான்னு சொன்னியே. அந்த ஊர்ல கேட்டியா?"

கேட்கவில்லை. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள்.

பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, மெர்லின் கோவில் வாசலில் நின்று பத்திரிகையும் தாளும் பேனாவும் கொடுத்தாள். ஜெனித் உள்ளே கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். சின்னதுரை மகள், டவுனில் படிக்கிற பெண் என்று எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். கோவில் தெருப் பிள்ளைகள் மதில் ஓரம் கும்பலாக உட்கார்ந்து, ஒருவன் எழுதுவதை இன்னொருவன் பார்த்து எழுதினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஊன்றிப் படிக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். காலனிக்காரர்கள் அட்டையைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண் வந்து, ஒரு எழுத்தும் எழுதாமல் மடித்த தாள்களை மெர்லின் கையில் வைத்து, பேனாவையும் மேலே வைத்துவிட்டுப் போனாள்.

"ஒண்ணும் எழுதலியா?"

"எழுதத் தெரியாதுக்கா" என்றாள். திண்டிவனத்தில் பிளஸ் டூ படிக்கிற பெண் அவள்.

சித்தப்பா மரியஅந்தோணி அப்போதுதான் வெளியே வந்தார். கோவில் நிர்வாகம் பார்க்கிற பங்குப்பேரவையில் ஆள், பாடற்குழுவுக்குத் தலைவர், கீபோர்டு அவர்தான் வாசிப்பார். மெர்லினின் அப்பாவுக்கு நேர் தம்பி. ஒரு பத்திரிகையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"எப்படி சித்தப்பா இருக்குது?"

அவர் படத்தில் விரலை வைத்தார். "இவன் காலு எந்தப் பக்கம் தொங்குது?"

"எந்தப் பக்கம்னா?"

"நம்ம பக்கம் தொங்குது. கீழ இருக்கறது யாரு தெரியுமா? ஒங்க தாத்தா. எங்கப்பன் தலைக்கு நேரா அவன் காலத் தொங்கப் போட்டுக்கினு கிட்டார் வாசிக்கறான். அத நீ படம் புடிச்சு எங்கிட்டயே குடுத்து, எப்படி இருக்குதுன்ற."

"அது பழைய செவுரு சித்தப்பா. ஒடஞ்ச செவுரு. டெக்ஸ்ச்சர் நல்லா இருந்துச்சு, அதான்..."

"பழைய செவுருதான். எதுக்குக் கட்டுனாங்கன்னு ஒங்கப்பன் சொல்லலியா?"

அப்பா சொல்லவில்லை. அங்கே நின்றுதான் மெர்லினுக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் காலனிப் பிணம், இந்தப் பக்கம் கோவில் தெருப் பிணம். ஒரே கோவில், ஒரே பூசை, ஒரே சாமியார் கையால் நற்கருணை. செத்த பிறகு மட்டும் நடுவில் ஒரு சுவர். இடிந்தாலும் இடிக்கக் கூடாது, இடிந்த இடத்தை யாரும் தாண்டக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு இருபது வயது ஆகியிருக்கிறது. வெட்கக்கேடு.

அவள் கையில் இருந்த தாள்களைப் பார்த்தாள். அட்டையில் எதை மாற்றலாம் என்ற கேள்விக்கு நேரே கோவில் தெருப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்: "ஆளை." அடுத்த தாளிலும் "ஆளை." அதற்கடுத்த தாளிலும். ஒருவன் மட்டும் "நம்ம தெருவில் பையன் இல்லையா?" என்று கொஞ்சம் நீட்டி எழுதியிருந்தான். பெயர், வயது, தெரு எல்லாம் அழகாக நிரப்பியிருந்தார்கள். யாருக்கும் மறைக்கத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெனித் போனபோது பீரோவில் புதுப் பூட்டு தொங்கியது. சாவி மரியஅந்தோணியிடம். சாமியார் ஊருக்குப் புதியவர். "திருவிழா வருதுப்பா. நல்லபடியா முடியட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழா. தேர் வரும்போது கிட்டார் வாசிக்கிறவன் ஜெனித். வருஷா வருஷம் அப்படித்தான்.

சேதி தெரிந்து மெர்லின் சித்தப்பா வீட்டுக்கு ஓடினாள். சித்தி செபஸ்தியம்மாள் தோசை ஊற்றிக்கொண்டே, "பொட்டப் புள்ளைக்கு எதுக்குடி கல்லறையில போட்டோ?" என்றாள். சித்தப்பா வழியொன்று சொன்னார். நல்ல மனுஷன் மாதிரி, பொறுமையாகச் சொன்னார்.

"குடுத்த புக்கையெல்லாம் திருப்பி வாங்கிடு. அட்டைய மாத்து. நம்ம பிரிட்டோவ வெச்சு எடு. அந்தப் படம் இல்லன்னு ஆயிட்டா நான் பேசி பூட்டத் தொறக்கறேன். ஜெனித்து மேல எனக்கென்ன கோவம்? நான்தான அவன பாட்டுல சேத்தேன்."

பிரிட்டோ அவர் மகன். கிட்டாரை எந்தக் கையில் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியாது.

மெர்லின் முடியாது என்றாள். அநியாயம் என்றாள். சாப்பிடாமல் எழுந்தாள். நேரே ஓடையைத் தாண்டி ஜெனித் வீட்டுக்குப் போனாள். அந்தப் பக்கம் அவள் வருவது அதுதான் முதல் தரம். சவுரியம்மாள் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், உட்காரச் சொல்லவில்லை.

"யாரு, புக்கு போட்ட பொண்ணா? வா. இன்னும் எந்தச் செவுத்து மேல ஏறணும்? சொல்லு, நானும் வந்து ஏர்றேன்."

"அத்தை, எனக்குத் தெரியாது..."

"அத்தையா? இத ஒங்க சித்தப்பன் எதிர்ல கூப்புடு பாக்கலாம்." சவுரியம்மாள் முறத்தைத் தட்டினாள். "ஒனக்குத் தெரியாது. சரி. எம் புள்ளைக்குத் தெரியுமில்ல. அவன் வேணாம்னு சொன்னானா இல்லியா?"

ஜெனித் உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றான். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"அட்டைய மாத்த மாட்டேன் ஜெனித்" என்றாள் அவள், நல்ல சேதி சொல்வது போல. "பிரிட்டோவ வெக்கச் சொல்றாரு. முடியாதுன்னுட்டேன்."

"மாத்திடு."

"என்னது?"

"மாத்திடுன்றேன். பிரிட்டோவ வெச்சிக்கோ, யார வேணா வெச்சிக்கோ. எனக்குப் பூட்டு தொறந்தா போதும்."

"நீ எதுக்கு வுட்டுக் குடுக்கற? அவங்க எழுதுனத பாத்தியா? ஆளை மாத்துன்னு எழுதியிருக்காங்க. இது நியாயமா?"

"நியாயத்த நீ வெச்சிக்கோ மெர்லின். ஒனக்கு நியாயமும் வேணும், மார்க்கும் வேணும். எனக்குக் கிட்டாரு வேணும். விரல் நமநமங்குது. கடையில மேஜைய தட்டிக்கினு இருக்கேன், மொதலாளி பைத்தியமான்றாரு."

"கொஞ்சம் தைரியமா நின்னா..."

"ஏம்மா," என்றாள் சவுரியம்மாள், "தைரியம் காட்டிட்டு நீ அஞ்சு மணி பஸ்ஸுக்குப் பூடுவ. நாங்க எங்க போறது?"

மெர்லின் அழுதாள். யாரும் தேற்றவில்லை. தேற்றுகிற மாதிரி அவள் எதையும் செய்திருக்கவில்லை.

அவள் அட்டையை மாற்றினாள். வீடு வீடாகப் போய்ப் பழைய பிரதியை வாங்கினாள். சித்தப்பா சாவியோடு வந்து பீரோவைத் திறந்து கிட்டாரைப் பிரிட்டோ கையில் கொடுத்தார். அவனைக் கோவில் வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். பிரிட்டோ நெளிந்தான். "எனக்கு இது வராதுக்கா. ஜெனித் பாத்தா சிரிப்பான்" என்றான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. கிட்டாரை விறகுக்கட்டு மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான். அந்தப் படத்தையே அச்சடித்தாள். சித்தப்பா புதுப் பிரதியை வாங்கி, ஊர் முழுக்கக் காட்டினார்.

"பூட்டு எப்ப தொறப்பீங்க சித்தப்பா?"

"திருவிழாவுக்குத் தொறக்காம எப்படி? கிட்டாரு வேணுமில்ல."

திருவிழா அன்றைக்குச் சாயங்காலப் பூசைக்கு மெர்லின் அம்மாவோடு வந்தாள். கோவில் முழுக்க சீரியல் லைட். உள்ளே நுழையும்போதே பாடற்குழுவைப் பார்த்தாள். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் பிரிட்டோ. கிட்டாருக்கு எதிரே மைக் எதுவும் இல்லை. சித்தப்பா கீபோர்டு வாசித்தார். பிரிட்டோ விரலைச் சும்மா ஆட்டினான். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது அவனுக்கு.

மெர்லின் பாடற்குழு ஓரமாகப் போய்க் குனிந்தாள். "சித்தப்பா, இன்னா இது? ஜெனித்து எங்க?"

அவர் வாசிப்பதை நிறுத்தாமல் சொன்னார். "ஒம் புக்குலயே நம்ம பையன்தான வாசிக்கறான். ஊரே பாத்துடுச்சு. இப்ப போயி அவன உக்கார வெச்சா ஆளுக்கொண்ணு கேப்பான். வாசிக்கறவன் மாறிட்டான்னு சாமியார்கிட்டயும் சொல்லியாச்சு."

"நீங்க சொன்னீங்க, அட்டைய மாத்துனா..."

"தொறக்கறேன்னுதான சொன்னேன். தொறந்தேன்."

ஜெனித் கோவிலுக்கு வெளியே, கடைசி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். திருவிழாச் சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தான். கூப்பிடுவார்கள் என்று நம்பித்தான் வந்திருக்கிறான். பக்கத்தில் சவுரியம்மாள்.

நற்கருணை நேரம். ஜனங்கள் வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். மெர்லின் வரிசையை விட்டு விலகி நேரே பாடற்குழுவுக்குள் போனாள். பிரிட்டோவின் தோளிலிருந்து கிட்டாரை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை, தலையைக் குனிந்து பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். சித்தப்பா விரல் நின்றது. பாட்டும் நின்றது. மெர்லின் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நடுவழியே நடந்து, வாசல் தாண்டி, ஜெனித் முன்னால் போய் நீட்டினாள்.

"இந்தா. புடி."

அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாசி ஜெனித். யாரு இன்னா பண்ணுவாங்க? வாசி."

"என்னைக் கேட்டியா?" என்றான்.

கோவிலுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோவில் தெரு ஆண்கள் சிலர் வெளியே வந்து படியில் நின்றார்கள். காலனி ஜனம் ஜெனித்துக்குப் பின்னால் நெருங்கி நின்றது. தேருக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தவன் கைவேலையை விட்டான்.

"நான் இத கையில வாங்குனேன்னு வெய்யி," ஜெனித் குரலை உயர்த்தாமல் சொன்னான், "கோவில் சாமான திருவிழாவுல திருடுனான்னு ஆவும். வாங்கலன்னா பேடின்னு ஆவும். ரெண்டு பக்கமும் என்னைய மாட்டி வுட்டுட்டு நிக்கற. ஏறுன்னா ஏறணும், புடின்னா புடிக்கணும். ஒரு தரம், ஒரே ஒரு தரம் நான் சொன்னத கேட்டியா நீ?"

மெர்லினுக்குப் பதில் பேச வாயில் நாலு சொல் வந்தது. எப்போதும் வருகிறதுதான். முதல் தரமாக அதை விழுங்கினாள்.

"நான் இப்ப இன்னா பண்ணட்டும்? சொல்லு, பண்றேன்."

"நீதான எடுத்துக்கினு வந்த. நீயே கொண்டுபோயி வெச்சிடு. சண்ட வேணாம். எங்கம்மா கூட இருக்குது."

அதே வழியில் கிட்டாரோடு திரும்பி நடந்தாள். படியில் நின்ற ஆண்கள் வழி விட்டார்கள், ஒருவன் மட்டும், "டவுனுக்காரிக்குக் கொழுப்ப பாரு" என்றான். ஜெயம் பெண்கள் பக்கமிருந்து, "ஒங்காத்தாளுக்கு இல்லாத கொழுப்பாடா?" என்று கத்தினாள், கோவில் என்றும் பார்க்காமல். மெர்லின் கிட்டாரைப் பாடற்குழு நடுவே தரையில் வைத்தாள். பிரிட்டோ எடுக்கவில்லை. சித்தப்பாதான் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கீபோர்டில் அடுத்த பாட்டைத் தொடங்கினார். வெளியே திரும்பிப் பார்த்தபோது ஜன்னலில் யாரும் இல்லை.

மார்ச்சில் பரீட்சை. மெர்லின் இரண்டு அட்டையையும் வைத்தாள், 'ஆளை' என்று எழுதிய தாள்களையும் வைத்தாள். வாசகர் கருத்தென்றால் எழுத்து, நிறம் பற்றி இருக்க வேண்டும், இதையெல்லாம் எடுத்துவிடு என்று சக்கரபாணி முன்னாடியே சொல்லியிருந்தார். அவள் எடுக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவர் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முதல்ல செஞ்சதுதாம்மா நல்லா இருக்கு. திருத்துனது மட்டமா இருக்கே. ஏன் மாத்துன?"

"கருத்து கேட்டேன் சார்."

அவர் தாள்களைப் புரட்டினார். கடைசியில் ஒரு எழுத்தும் இல்லாத, மடித்த தாள்கள் வந்தன. "இது ஏன் காலியா இருக்கு?" என்றார்.

"அதுவும் கருத்துதான் சார்."

பாஸ் மார்க் போட்டார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இப்போது விழுப்புரத்தில் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் செய்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. சித்தப்பா வீட்டுக்குப் போவதில்லை. சுவர் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்ததைச் சிமெண்ட் வைத்து நிமிர்த்திவிட்டார்கள். கிட்டார் பீரோவில் இருக்கிறது. அதை வாசிக்க ஊரில் யாரும் இல்லை.

பரீட்சை முடிந்து ஒரு வருஷம் கழித்து, திண்டிவனத்துக்கு வேலையாகப் போனபோது அந்தச் செல்போன் கடைக்குள் போனாள். ஜெனித் இருந்தான். கம்ப்யூட்டரில் யாருக்கோ குத்துப் பாட்டாக ஏற்றிக்கொண்டிருந்தான். நன்றாக இருக்கிறாயா என்று அவன்தான் முதலில் கேட்டான். அம்மாவுக்கு இடுப்பு வலி என்றான். சூளைக்குப் போவதில்லை என்றான். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"வாசிக்கறியா?" என்று கேட்டாள்.

"எதுல?" என்றான்.

பின்னால் ஒரு ஆள் மெமரி கார்டை நீட்டினார். ஜெனித் வாங்கிச் சொருகினான்.